365 நாளும் கடை திறந்திருக்கும்... ஊழியருக்கு எந்த நாள் லீவு?

"ஞாயித்துக்கிழமைதான் எல்லாருக்கும் ஃப்ரீ. போய் துணி எடுத்துட்டு அப்படியே வெளிய சாப்பிட்டு வந்துடலாம்."

நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் வாக்கியம் இது. நமக்கு லீவு என்பதால்தான் அன்றைக்குக் கடைக்குப் போகிறோம். நாம் போவதால்தான் கடை ஊழியருக்கு அன்றைக்கு லீவு இல்லை. சென்னை ரங்கநாதன் தெரு, மதுரை விளக்குத்தூண், திருச்சி என்.எஸ்.பி ரோடு, கோவை ஒப்பணக்கார வீதி... எந்தக் கடைவீதிக்குப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. யாராவது வேலை பார்த்தால்தான் ஊர் நடக்கும். டாக்டர், நர்ஸ், பஸ் டிரைவர் என ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால், புடவையை விரித்துக் காட்டுபவர் எப்போது கோயிலுக்குப் போவார், எப்போது சர்ச்சுக்குப் போவார், எத்தனை மணிக்கு நோன்பு திறப்பார், தன் பிள்ளையோடு ஒரு நாள் முழுக்க எப்போது வீட்டில் இருப்பார் என்பதை நாம் யோசிப்பதில்லை. அதை யோசிக்க வேண்டிய நேரம் இது.

ஏனென்றால், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள், வணிக நிறுவனங்கள் வருடத்தின் 365 நாள்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-ல் அனுமதி கொடுத்தது. மூன்று வருடத்துக்கான அனுமதி அது. 2022-ல் நீட்டித்தார்கள். 2025-ல் இன்னொரு மூன்று வருடத்துக்கு நீட்டித்தார்கள். கடைக்கு லீவு நாள் என்பது இனி கட்டாயமில்லை. அப்படியென்றால் ஊழியருக்கு?

சட்டம் என்ன சொல்லுது?

முதலில் ஒரு விஷயம். 'கடை ஊழியருக்கு லீவெல்லாம் முதலாளி பார்த்துக் கொடுக்கறதுதான்' என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது உண்மையில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் கடையை முழுசாக மூட வேண்டும், அது எந்த நாள் என்று கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும், அந்த நாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு. கடையில் வேலை பார்ப்பவருக்கு வாரம் ஒரு முழு நாள் லீவு. அதற்காகச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.

அதே சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் போனால் ஓவர்டைம், அதுவும் இரண்டு மடங்கு கணக்கில். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் இடைவேளை. ஒரு வருடம் வேலை பார்த்து முடித்தவருக்கு அடுத்த வருடத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. இதைத் தவிர, உடம்பு சரியில்லை என்றால் 12 நாள்களும், தற்செயல் விடுப்பாக 12 நாள்களும் எடுக்கலாம்.

பண்டிகைகளுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1958-ல் வந்த தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, ஐந்து பண்டிகை நாள்கள். மொத்தம் ஒன்பது. அந்த நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு சம்பளமுள்ள மாற்று விடுமுறை கொடுக்க வேண்டும். சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி முடிந்ததும் 'விடுமுறை அளிக்காத நிறுவனங்கள் மீது தொழிலாளர் துறை நடவடிக்கை' என்று பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வருமே... அது இந்தச் சட்டத்தின்படிதான்.

24 மணி நேர அனுமதி வந்தபோதும் இந்த உரிமைகளை அரசு எடுத்துவிடவில்லை. கடைக்கு லீவு வேண்டாம் என்று சொன்ன அதே அரசாணை, ஒவ்வொரு ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் லீவு கட்டாயம் என்றும் சொல்கிறது. இன்றைக்கு யார் யார் லீவு என்ற விவரத்தைக் கடையில் பார்வையாகத் தெரியும்படி வைக்க வேண்டும் என்பதும் அதிலுள்ள நிபந்தனை.

காகிதத்தில் பார்த்தால் நல்லாத்தான் இருக்கு. நடைமுறையில்? பல கடைகளில் வேலைக்குச் சேரும்போதே 'மாசத்துக்கு ரெண்டு நாள் லீவு' என்றுதான் பேசுகிறார்கள். வார லீவு மாத லீவாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இரண்டு நாளையும் எடுக்காமல் வந்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் என்று ஒரு தொகை. சம்பளம் பத்தாத வீட்டில், லீவை விற்றுப் பணமாக்குவதைத் தவிர வேறு வழி தெரியாது.

'ஒரு நாள்' வேற... 'அந்த நாள்' வேற

சரி, ஒரு நல்ல கடை. சட்டப்படி வாரம் ஒரு நாள் லீவு கொடுக்கிறார்கள். இவருக்குச் செவ்வாய், அவருக்குப் புதன் என்று சுழற்சியில் போகிறது. பிரச்னை முடிந்ததா?

செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்கும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குப் பிள்ளைகள் ஸ்கூலில், வீட்டுக்காரர் வேலையில். துணி துவைத்து, ரேஷன் கடைக்குப் போய் வந்தால் நாள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது இவர் கடையில் நிற்பார். உடம்புக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது, உறவுக்குக் கிடைக்கவில்லை.

மதமும் இப்படித்தான். ஞாயிறு காலை ஆராதனைக்குப் பதிலாகப் புதன்கிழமை போய் உட்கார முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையை வியாழக்கிழமைக்கு மாற்ற முடியாது. ஊர்க் கோயில் கொடை பங்குனி கடைசி வாரம் என்றால் அது அந்த வாரம்தான். வழிபாடு என்பது தனியாக உட்கார்ந்து செய்வது மட்டுமில்லை. எல்லோரும் கூடும் நாளில் கூடுவதுதான் அதில் பாதி. சட்டம் 'ஒரு நாள்' கொடுக்கிறது. மனுஷனுக்கு வேண்டியது சில சமயம் 'அந்த நாள்'.

நம் நாட்டில் ஞாயிறு லீவே இப்படி ஒரு கோரிக்கையிலிருந்து வந்ததுதான். பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருடங்கள் போராடி, 1890 ஜூன் மாதம் மில் முதலாளிகளை வார லீவுக்குச் சம்மதிக்க வைத்தார். ஞாயிறு என்பது மராட்டியத் தொழிலாளர்கள் கும்பிடும் கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஓய்வும் சாமியும் குடும்பமும் அந்தக் கோரிக்கையில் ஒன்றாகவே இருந்தன.

வாடிக்கையாளரின் சாமிக்கு மட்டும் வளையும் கடை

'வியாபாரத்துல மதத்தை எல்லாம் கொண்டு வர முடியுமா?' என்று கேட்கலாம். ஆனால் கடைவீதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வருடம் முழுக்க அங்கே மதக் காலண்டர்தான் ஓடுகிறது.

செவ்வாய்க்கிழமை சலூன் லீவு. அன்றைக்கு முடி வெட்டக் கூடாது என்று வாடிக்கையாளர் நம்புகிறார், அதனால் கடை மூடுகிறது. அட்சய திருதியை அன்று நகைக்கடை விடியற்காலையிலேயே ஷட்டரைத் தூக்குகிறது. ரம்ஜான் கடைசி வாரத்தில் ராத்திரி வெகுநேரம் வரை வியாபாரம். டிசம்பர் பிறந்தால் ஸ்டார், கேக், கிறிஸ்துமஸ் ஆஃபர்.

ஆடி மாதம் இன்னும் சுவாரஸ்யம். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் ஜவுளி வியாபாரம் படுத்துவிடும். அந்த மந்தத்தைத் தூக்கி நிறுத்த வந்ததுதான் ஆடித் தள்ளுபடி. இன்று அதுவே பெரிய சீஸன். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் மாதம், தீமிதி நடக்கும் மாதம், கடை ஊழியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதமாகிவிட்டது. ஆடி வெள்ளியில் மாவிளக்கு போட வேண்டியவர் அறுபது சதவிகிதத் தள்ளுபடி செக்‌ஷனில் நிற்கிறார்.

ஆக, வாடிக்கையாளரின் நம்பிக்கைக்குக் கடை எப்படி வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கும். நேரத்தை மாற்றும், ஷிஃப்ட்டைக் கூட்டும், நாளையே மாற்றும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஒரு நாள் கேட்டால் மட்டும் 'சிஸ்டத்துல முடியாது' என்கிறார்கள்.

"அண்ணாச்சி, பத்தாம் தேதி ஊர்ல கொடை. ரெண்டு நாள் போயிட்டு வந்துடுறேன்."

"சீஸன் நேரத்துல லீவு கேக்குறியே தம்பி. போறதுன்னா அப்படியே போயிடு."

தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் கேட்டுக் கேட்டுப் பழகிய பதில் இது. வசந்தபாலன் 2010-ல் எடுத்த 'அங்காடித் தெரு' அவர்களுடைய வாழ்க்கையைத்தான் காட்டியது. படம் வந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. கண்ணாடியும் ஏ.சி-யும் கூடியிருக்கின்றன. குலதெய்வம் கோயில் கொடை இன்னும் எந்த லீவு லிஸ்ட்டிலும் இல்லை.

தீபாவளி அன்று கடை மூடியிருக்கும், உண்மைதான். ஆனால் முந்தின ராத்திரி கடைசி வாடிக்கையாளர் போகும்வரை நின்றுவிட்டு, பஸ் பிடித்து, மறுநாள் மத்தியானம் ஊர் போய்ச் சேருபவருக்கு அந்த எண்ணெய்க் குளியலும் இல்லை, விடியற்காலைப் பட்டாசும் இல்லை.

1985: இரண்டு கடைகள், இரண்டு தீர்ப்புகள்

'எந்த நாள்?' என்ற இந்தக் கேள்வி வேறு நாடுகளில் கோர்ட் வரை போயிருக்கிறது. அதில் இரண்டு முக்கியமான வழக்குகள் கடை ஊழியர்கள் தொடுத்தவை. இரண்டுக்கும் தீர்ப்பு வந்தது ஒரே வருடத்தில், 1985-ல்.

முதலாவது கனடா. கிங்ஸ்டன் நகரில் சிம்ப்சன்ஸ்-சியர்ஸ் கடையில் ஒரு விற்பனைப் பெண். அவர் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறையும்வரை வேலை செய்யக் கூடாது என்பது அந்தச் சபையின் நெறி. கடைக்கோ வெள்ளி மாலையும் சனிக்கிழமையும்தான் உச்ச வியாபாரம். 'முழுநேர வேலை வேண்டுமென்றால் சனிக்கிழமையும் வர வேண்டும், இல்லையென்றால் பகுதிநேர வேலைதான்' என்றார்கள். சம்பளம் குறைந்தது.

கடைக்காரர்கள் அவரை வேண்டுமென்றே ஒதுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே விதிதான். ஆனால் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. எல்லோருக்கும் ஒரே விதி என்றாலும், அது ஒருவரின் மதத்தால் அவரை மட்டும் அதிகமாகப் பாதிக்கிறது என்றால், அதுவும் பாகுபாடுதான். நோக்கம் நல்லதா கெட்டதா என்பது கேள்வியே இல்லை. தாங்க முடியாத கஷ்டம் வராத அளவுக்கு அவருக்கு விட்டுக்கொடுக்க முதலாளி முயற்சி செய்ய வேண்டும், முடியவில்லை என்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்றது. அந்தப் பெண் ஜெயித்தார்.

இரண்டாவது அமெரிக்கா. கனெக்டிகட் மாநிலத்தில் அதுவரை ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். 1970-களில் அந்தச் சட்டத்தைத் தளர்த்தி, கடை திறக்க அனுமதித்தார்கள். கூடவே, 'இது என் ஓய்வுநாள்' என்று ஓர் ஊழியர் சொன்னால் அன்றைக்கு அவரை வேலைக்கு வரச் சொல்லவே கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். கால்டர் என்ற கடையில் ஆயத்த ஆடைப் பிரிவு மேலாளர் ஒருவர், இந்த உரிமையைக் கேட்டார். ஞாயிறு மூடியிருக்கும் பக்கத்து மாநிலக் கிளைக்குப் போ, அல்லது குறைந்த சம்பளத்தில் கீழ்ப்பதவிக்கு இறங்கு என்றது நிர்வாகம். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிபதிகள் அந்த மாநிலச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். காரணம், அதில் விதிவிலக்கே இல்லை. எத்தனை பேர் ஒரே நாளைக் கேட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். கடையின் நிலைமையும் கணக்கில் வராது, அந்த வேலையைச் சுமக்கப்போகும் சக ஊழியரின் நிலைமையும் கணக்கில் வராது. வேறு நல்ல காரணங்களுக்காக வார இறுதி லீவு கேட்பவர்கள் பின்னால் தள்ளப்படுகிறார்கள் என்றது தீர்ப்பு.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. 'எல்லோருக்கும் ஒரே ரூல்' என்று கையை விரிப்பதும் நியாயமில்லை. 'கேட்டவுடன் கொடுத்தே ஆகணும்' என்பதும் நிற்காது. நடுவில் ஒரு பேச்சுவார்த்தை வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டிய பொறுப்பு முதலாளிக்கு இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பொறுப்பு ரொம்ப நாள் பெயரளவில்தான் இருந்தது. கொஞ்சம் செலவு ஆகும் என்று காட்டினாலே முதலாளி தப்பித்துக்கொள்ளலாம் என்ற நிலை, 1977-ல் வந்த ஒரு தீர்ப்பால். 2023-ல்தான் அது மாறியது. அந்த வழக்கைப் போட்டவர் ஒரு தபால் ஊழியர். அமேசான் பார்சல்களை ஞாயிற்றுக்கிழமையும் கொண்டுபோய்க் கொடுக்கத் தபால் துறை ஒப்பந்தம் போட்டபோது, அவருடைய ஞாயிறு ஆராதனை போனது. தொழிலைப் பெரிய அளவில் பாதிக்கும் செலவு என்று காட்டினால்தான் மறுக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுகிறதே என்று நாம் சந்தோஷப்படும்போது, அது யாருடைய ஞாயிறு என்பதையும் இந்த வழக்கு ஞாபகப்படுத்துகிறது.

காரணம் கேட்காத சட்டம்

என்னைக் கேட்டால், நமக்கு அதிகம் உதவக்கூடியது பிரிட்டனின் வழி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிறு கடை திறப்பதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்து, 1994-ல் ஒரு சட்டம் வந்தது. பெரிய கடைகள் ஞாயிறு அன்று 6 மணி நேரம் மட்டும் திறக்கலாம். கடை ஊழியர், 'ஞாயிறு வேலைக்கு வர மாட்டேன்' என்று மூன்று மாதம் முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அவரை வரச் சொல்ல முடியாது, அதற்காக வேலையைவிட்டு நீக்கவும் முடியாது. ஞாயிறு வேலைக்கென்றே சேர்ந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

இதில் அழகு என்னவென்றால், ஏன் வர மாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டியதே இல்லை. சர்ச்சுக்குப் போகவா, பிள்ளையோடு விளையாடவா, சும்மா தூங்கவா... அது அவர் இஷ்டம். மதம் சார்ந்தவருக்கும் உரிமை, சாராதவருக்கும் அதே உரிமை. 'நீ உண்மையாவே பக்தியா இருக்கியா?' என்று சூப்பர்வைசர் சோதித்துப் பார்க்கும் அவமானம் இல்லை. 'அவனுக்கு மட்டும் சாமி பேரைச் சொல்லி லீவு' என்ற முணுமுணுப்பும் இல்லை.

நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். பத்துப் பேர் இருக்கும் செக்‌ஷனில் ஒருவருக்கு மட்டும் மதத்தின் பேரில் ஞாயிறு கொடுத்தால், அந்தப் பாரம் மிச்சம் ஒன்பது பேர் தலையில் விழும். அவர்களுக்கும் வீடு இருக்கிறது. ஏற்கெனவே மாதம் இரண்டு நாள் லீவில் ஓடும் கடையில் இது சக ஊழியர்களுக்குள் பகையைத்தான் வளர்க்கும். கொடுக்க வேண்டிய லீவைக் கொடுக்காமல், இருக்கிற கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ள விடுவது நியாயமா? முதலில் எல்லோருக்கும் வாரம் ஒரு நாள் என்பது உறுதியாக வேண்டும். அது இருந்தால்தான் 'உன் நாளை எனக்குக் கொடு, என் நாளை நீ எடுத்துக்கோ' என்று பேசவே முடியும்.

இந்தியாவில் தனியார் முதலாளி, ஊழியரின் மத வழக்கத்துக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கனடாவில், அமெரிக்காவில் இருப்பதுபோல ஒரு பொதுச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 25-வது பிரிவு தரும் மத சுதந்திரம் அரசை நோக்கியது. 43-வது பிரிவு தொழிலாளர்களுக்கு ஓய்வும் சமூக, கலாசார வாய்ப்பும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அது வழிகாட்டும் நெறி மட்டும்தான், அதை வைத்து வழக்கு போட்டு வாங்க முடியாது.

பைசா செலவில்லாமல் முடிவது

ஆனாலும், இருக்கிற சட்டத்துக்குள்ளேயே நிறைய செய்யலாம். அதில் பாதிக்கு மேல் செலவே இல்லாதவை.

இடைவேளையை எடுத்துக்கொள்வோம். 4 மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் இடைவேளை கொடுக்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். ஜும்மாவுக்குப் போகிறவருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பாட்டு நேரத்தைத் தொழுகை நேரத்தோடு சேர்த்துக் கொடுத்தால் கடைக்கு என்ன நஷ்டம்? ரம்ஜானில் நோன்பு திறக்கும் நேரம் சரியாக மாலை நேரக் கூட்டத்தில்தான் வரும். மாலை இடைவேளையை அந்த நேரத்துக்கு நகர்த்தி, சாயங்காலம் டீ பிரேக் எடுப்பவரை அந்தக் கவுன்ட்டரில் நிறுத்தினால் போதும். பல இடங்களில் சக ஊழியர்களே இதைத் தங்களுக்குள் பேசிச் செய்துகொள்கிறார்கள். நிர்வாகம் செய்ய வேண்டியது, அதைக் கண்டும் காணாமல் விடுவதற்குப் பதிலாக ஷிஃப்ட் அட்டவணையில் எழுதுவதுதான்.

உடை இன்னொன்று. கார்த்திகையில் மாலை போட்டவருக்குத் தாடியும் வெறுங்காலும். தலையில் துணி போடும் பெண்ணுக்கு அந்தத் துணி. யூனிஃபார்ம் வேண்டும் என்றால் அதே கலரில் ஒரு துணி கொடுத்துவிட்டுப் போகலாமே? அமெரிக்காவில் தலைத்துணி போட்டிருந்ததால் ஓர் இளம் பெண்ணுக்கு வேலை மறுத்த அபர்க்ராம்பி துணிக்கடை, 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அவர் வாய் திறந்து கேட்கவில்லை என்பது ஒரு சாக்கு ஆகாது என்றார்கள் நீதிபதிகள்.

நாள் விஷயத்துக்கு வருவோம். வேலைக்குச் சேரும்போதே 'எந்த நாள் லீவு உங்களுக்கு முக்கியம்?' என்று ஒரு கேள்வி கேட்கலாம். காரணம் வேண்டாம், நாள் மட்டும் போதும். எல்லோரும் ஞாயிறு கேட்டால் எல்லோருக்கும் கொடுக்க முடியாதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒவ்வொருவருக்கும் வரும்படி சுழற்றலாம். இவர் ஞாயிறுகளை விட்டுக்கொடுத்து எல்லா வெள்ளியும் கேட்பார், அவர் வெள்ளியை விட்டு ஞாயிறு கேட்பார். பல மதத்தவர் கலந்து வேலை பார்க்கும் கடையில் இது இன்னும் சுலபம். ஒருவரின் பண்டிகைக்கு இன்னொருவர் நின்றுவிடலாம்.

லீவு அட்டவணையை ஒரு மாதம் முன்னாலேயே ஒட்டிவிட வேண்டும். 'நாளைக்கு நீ லீவு எடுத்துக்கோ' என்று முந்தின ராத்திரி சொல்லும் லீவை வைத்து யாரும் எதையும் திட்டமிட முடியாது. ஊருக்கு டிக்கெட் போட முடியாது, பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வருகிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

ஐந்து பண்டிகை நாள்களைப் பற்றியும் யோசிக்கலாம். அவை எவை என்பதை முதலாளியோடும் ஊழியர்களோடும் கலந்து பேசித்தான் ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். ஊழியர்களிடம் உண்மையிலேயே கேட்கிறார்களா? மத்திய அரசு ஊழியர்கள் பொது விடுமுறைகளைத் தவிர, ஒரு பட்டியலிலிருந்து வருடத்துக்கு இரண்டு நாள்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். ஆபீஸில் முடிகிற விஷயம் கடையில் ஏன் முடியாது? மூன்று நாள் பொது, இரண்டு நாள் அவரவர் விருப்பம் என்று வைத்தால் கோயில் கொடைக்கும் பெருநாளுக்கும் ஈஸ்டருக்கும் இடம் கிடைத்துவிடும்.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வார இறுதியிலும் பண்டிகைக்கு முந்தைய வாரத்திலும்தான் அவர்களுக்குக் கல்லா நிறைகிறது. ஆன்லைன் போட்டி கழுத்தை நெரிக்கிறது. மூன்று பேர் வேலை பார்க்கும் கடையில் ஒருவர் வராவிட்டால் பாதிக் கடை மூடியது மாதிரிதான். ஆனால் பத்துப் பேருக்கும் குறைவான அந்தச் சின்னக் கடைகளுக்குப் பொதுவாக வாரம் ஒரு நாள் மூடும் பழைய விதியே இன்னும் இருக்கிறது. நாம் பேசிக்கொண்டிருப்பது ஐந்து மாடியும் நூற்றுக்கணக்கான ஊழியர்களும் உள்ள கடைகளைப் பற்றி. அங்கே ஒருவருடைய நாளை மாற்றிக் கொடுக்க ஆள் இல்லாமல் போகாது, மனசுதான் வேண்டும்.

ஊழியர்களும் சிலவற்றைச் செய்யலாம். வேலை பார்த்த நாள், நேரம், வராத லீவு ஆகியவற்றைப் போனிலோ ஒரு சின்ன நோட்டிலோ தேதியோடு குறித்து வையுங்கள். பண்டிகை நாளில் வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளமா, மாற்று விடுமுறையா என்று கேட்டு வாங்குங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்பது தனியாகக் கேட்பதைவிட நல்லது. நடக்கவில்லை என்றால், மாவட்டத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று தோன்றலாம். கடையில் உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் வேண்டும் என்பதும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது. கோழிக்கோடு கடைவீதிப் பெண்கள், விஜி என்ற தையல்காரரின் தலைமையில் 'பெண்கூட்டு' என்று அமைப்பு வைத்துப் போராடி, 2018-ல் கேரளாவில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். 2021-ல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. 'நின்னுக்கிட்டேதான் வியாபாரம் பாக்கணும்' என்பது எழுதப்படாத விதியாக இருந்து, இப்போது சட்ட விரோதமாகியிருக்கிறது.

24 மணி நேர அனுமதியின் இந்தச் சுற்று 2028-ல் முடியும். மறுபடி நீட்டிப்பு கேட்பார்கள், அரசும் கொடுக்கும். அப்போது அரசாணையில் இரண்டு வரி சேர்த்தால் போதும். ஒன்று, ஒவ்வொரு ஊழியரின் வார லீவு நாளையும் ஒரு மாதம் முன்னால் அறிவிக்க வேண்டும். இரண்டு, அந்த நாளை அவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடை ஒரு மணி நேரம்கூட மூட வேண்டியதில்லை. தொழிற்சங்கங்களும் வணிகர் சங்கங்களும் அதற்கு முன்னால் உட்கார்ந்து பேச இன்னும் நேரம் இருக்கிறது.

அதுவரை, நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தீபாவளித் துணியைக் கடைசி ராத்திரி வரை தள்ளிப்போடாமல் பத்து நாள் முன்னால் எடுத்துவிட்டால், யாரோ ஒருவர் ஊருக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.